தாளத்தோடு கொத்திய பாம்பு

மலைமேல் இருக்கும் சித்திரபுரத்து முருகன் கோயிலில் அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்குக் கிருஷ்ணன் நடனம் என்று முடிவானது. முருகன் கோயிலில் எதற்குக் கிருஷ்ணன் என்று சிலர் கேட்டார்கள்.

"கிருஷ்ணன் முருகனுக்கு மாமாவாக்கும். மாமா வந்து ஆடினா மருமான் வேண்டாம்னா சொல்வான்?" என்றார் விசாலம் டீச்சர்.

விசாலம் டீச்சர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். கணவருக்கு மின்வாரியத்தில் இன்ஜினியர் வேலை. அதனால் இந்த மலைக்கு வந்திருந்தார். சனிக்கிழமைதோறும் தன் குவார்ட்டர்ஸ் முன்னறையில் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் கொடுப்பார். மின்வாரியப் பிள்ளைகளும் வருவார்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் வருவார்கள். லயத்திலிருந்து வருபவர்களில் பூமாரியின் குரல்தான் முதலில் கேட்கும். அவள் வளைவில் திரும்பும்போதே டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

நடனக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். யமுனை ஆற்றில் காளிங்கன் என்ற ஐந்து தலைப் பாம்பு இருந்தது. அது தண்ணீரையெல்லாம் விஷமாக்கிவிட்டது. சின்னக் கிருஷ்ணன் ஆற்றில் குதித்து, அதன் தலைமேல் ஏறி ஆடினான். பாம்பு களைத்துப்போய் மன்னிப்புக் கேட்டது. கிருஷ்ணனும் மன்னித்துவிட்டான்.

கிருஷ்ணன் வேஷம் தனக்குத்தான் என்று பூமாரி நினைத்திருந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் பாதையில் ஆடி ஆடி, அந்த வேஷத்தின் ஒவ்வோர் அடியையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் டீச்சர் கிருஷ்ணன் வேஷத்தை வகுப்பில் கூட ஆடும் பழனாத்தாளுக்குக் கொடுத்தார். பூமாரிக்குக் காளிங்கன்.

அன்று மாலை பூமாரி சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்திருந்த அவள் அம்மா சுருளியம்மாள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"பாம்பு இல்லேன்னா கிருஷ்ணரு எது மேல ஏறி ஆடுவாரு?" என்றார்.

பூமாரி யோசித்துப் பார்த்தாள். அம்மா சொன்னது சரியாகத்தான் பட்டது. பாம்புதான் என்று ஆகிவிட்டால், மறையூர் வரைக்கும் இப்படி ஒரு பாம்பை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். பிறகு சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

பழனாத்தாள் கிழக்குப் பாலக்காட்டிலிருந்து புதிதாக வந்தவள். அவள் அப்பா ஆறுச்சாமி மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவார். மகளோ நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பாடம் படிக்கச் சொன்னபோது, முதல் வரியிலேயே குரல் நின்றுவிட்டது. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் யாரோடும் பேசவில்லை. நடன வகுப்பில் மட்டும் அவள் வேறு பெண். சலங்கை கட்டிவிட்டால் காற்றுப்போல ஆடுவாள். பூமாரிகூட வாயைப் பிளந்து பார்ப்பாள்.

தோட்டத்துத் தச்சர் சூசையப்பன் மூங்கில் பட்டையிலும் காடாத் துணியிலும் ஐந்து தலைகள் செய்து, பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாயிலும் ஒரு சிவப்பு நாக்கு. பூமாரி அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு தாழ்ந்த பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு அசைய வேண்டும். பழனாத்தாள் பெஞ்சின் மேல் நின்று ஆட வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால், பாம்பின் தலைமேலேயே ஆடுவதுபோல இருக்கும்.

உத்திரத்தன்று மாலை கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. எல்லாத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பழனாத்தாள் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று மூடினாள். பூமாரியைக்கூட அவள் மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்.

"ஏனுங்க பூமாரி, இத்தன பேரு வருவாங்கன்னு டீச்சர் சொல்லவே இல்லீங்களே."

"இருந்தா என்னட்டி? அவங்க உக்காந்து பாக்கத்தான வந்திருக்காங்க. ஆடப்போறது நாமதான்" என்றாள் பூமாரி.

திரை விலகியது. டீச்சர் தட்டுக்கழியைத் தட்டிப் பாட ஆரம்பித்தார். பிச்சைமணி அண்ணன் மிருதங்கம் வாசித்தார். தொடக்கம் நன்றாகவே போனது. கிருஷ்ணன் பந்து விளையாடினான். பந்து ஆற்றில் விழுந்தது. கிருஷ்ணன் ஒரே தாவலில் பெஞ்சின் மேல் ஏறினான். கூட்டம் கை தட்டியது.

அந்தக் கைதட்டல்தான் வினையாகப் போனது. பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சின் மேலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரிந்தது. அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. அவள் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

டீச்சர் அதே வரியைத் திரும்பப் பாடினார். சலங்கைச் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை பாடினார். பிச்சைமணி அண்ணன் டீச்சரைப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

பூமாரிக்குக் கிருஷ்ணனின் அடுத்த அடி தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். 'நானாக இருந்தால் நின்றிருக்க மாட்டேன்' என்று ஒரு கணம் தோன்றியது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். பழனாத்தாளின் கால்விரல்கள் பலகையை இறுகப் பிடித்திருந்தன. வகுப்பில் மற்றவர்கள் சிரித்ததற்கே அத்தனை நாள் பேசாமல் இருந்தவள். இத்தனை பேர் சிரித்தால் இனிமேல் சலங்கையையே தொட மாட்டாள்.

மெதுவாகச் சொல்லிக் கொடுக்கலாமா? மிருதங்கச் சத்தத்தில் கேட்காது. சத்தமாகச் சொன்னால் ஊருக்கே கேட்கும்.

அடுத்த அடி வலது கால். வலது காலைத் தூக்க வேண்டும். ஒரு காலைத் தூக்க வைக்கப் பாம்பு என்ன செய்யும்?

பூமாரி திரும்பி, கையைப் பாம்புப் படம்போலக் குவித்துச் சீறினாள். தாளம் விழுகிற நேரம் பார்த்து, பழனாத்தாளின் வலது காலை ஒரே கொத்தாகக் கொத்தினாள்.

பழனாத்தாள் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினாள். கால் திரும்பக் கீழே வந்தது. 'ஜல்.'

உடனே இடது காலைக் கொத்தினாள். 'ஜல்.'

ஒத்திகையில் பாம்பு வெறுமனே அசைந்துகொண்டுதான் இருக்கும். இப்போது அது வலமும் இடமுமாகப் பாய்ந்தது. சிரித்த பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகம் புதைத்தது. வலது, வலது, இடது. பூமாரி எங்கே கொத்தினாளோ, அந்தக் கால் சரியாகத் தாளத்தில் எழுந்தது.

பழனாத்தாள் குனிந்து பார்த்தாள். இரண்டு பாம்புத் தலைகளுக்கு நடுவே பூமாரியின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் சிமிட்டியது.

பழனாத்தாள் ஆழமாக மூச்சு விட்டாள். அடுத்த முறை பூமாரி கொத்த வருவதற்குள் அவள் கால் தானாகவே எழுந்துவிட்டது. அதற்கடுத்த அடியில் கையும் சேர்ந்துகொண்டது. முகத்தில் கிருஷ்ணனின் குறும்புச் சிரிப்பு வந்தது. டீச்சர் தாளத்தை வேகப்படுத்தினார். இப்போது பாம்புதான் கிருஷ்ணனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. ஒரு நாக்கு கழன்று பிச்சைமணி அண்ணனின் மடியில் விழுந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை.

கடைசியில் பாம்பு தலைசாய்த்தது. பூமாரிக்கு மூச்சு வாங்கியதால் அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. கிருஷ்ணன் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, ஐந்து தலைகளிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்து மன்னித்தான். அப்போது எழுந்த கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

மேடைக்குப் பின்னால் ஆறுச்சாமி காத்திருந்தார்.

"ஏங்கண்ணு, எம்புள்ள மேல அந்தப் பாம்புக்கு அத்தன கோவமா?" என்று பூமாரியிடம் கேட்டார். கொஞ்சமும் கோபமில்லை என்று அவள் சொன்னாள்.

விசாலம் டீச்சர் எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பூமாரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொத்தணும்னு நோக்கு யாரு சொல்லித் தந்தா?"

"பாம்புன்னா கொத்தத்தான டீச்சர் செய்யும்" என்றாள் பூமாரி.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த வருடமும் அந்தக் கொத்து இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் வேஷத்தைக் கலைக்காமலே கோயில் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்கள். பழனாத்தாள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க கொத்தலீன்னா நான் அங்கயே நின்னிருப்பேனுங்க."

"அடுத்த வருசம் நான் கிருஷ்ணன், நீ பாம்பு. எனக்கு மறந்துபோச்சுன்னா நீ கொத்தணும். மெதுவா இல்ல, நல்லாக் கொத்தணும். தெரியுமாட்டி?"

பழனாத்தாள் சுண்டலைக் கீழே வைத்தாள். கையைப் பாம்புப் படம்போலக் குவித்தாள். பூமாரி எதிர்பார்க்காத நேரத்தில், அவள் காலில் சுளீரென்று ஒரு கொத்து வைத்தாள்.

பூமாரியின் கால் துள்ளியது. "இது போதும்" என்றாள் அவள், காலைத் தேய்த்துக்கொண்டே.