பொன்னாடை போர்த்திய நேரக்கூவி

நிறைமொழியின் கல்யாண மேடையில் மணமக்களுக்கு இரண்டு நாற்காலி, ஒரு மைக், அதன் முன்னால் ஒரு நேரக்கூவி. கூவி இல்லாத மேடைக்கு இப்போதெல்லாம் எந்த ஊரிலும் மின்சாரம் தருவதில்லை. பேசுகிறவருக்கு ஐந்து நிமிடம், தாண்டினால் கூவும். மைக்கை அணைத்தால்தான் அடங்கும். அதன் நெற்றியில் ஓர் ஒளியுணரி. வெளிச்சம் கூடக் கூடச் சத்தமும் கூடும். பெரிய மனிதர்மேல்தானே விளக்கும் கேமராவும் அதிகம், அவருக்குத்தானே காதும் மந்தம்! அந்த யோசனை நிறைமொழியுடையது. கருவியும் அவள் செய்ததே.

அதை நம்பித்தான் தாலிக்கு முன்னால் தலைவர் பேச்சுக்கு அவள் சம்மதித்தாள். மாப்பிள்ளை கயல்வேந்தனுக்கு நிலவில் வேலை. மதியம் நிலவூர்தி. தம்பதியாக ஏறினால்தான் இடம். விட்டால் வேலையும் போச்சு, நிலவும் போச்சு.

தலைமை தாங்க வந்த செங்கோடன் மைக்கைப் பிடித்தார். மணமகளின் தாத்தா படித்த பள்ளிக்கூடத்துக்கு அவர் பேச்சு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்தது. கூவி அலறியது. பந்திக்குக் காத்திருந்த காக்கைகள் பறந்தன.

செங்கோடன் அசரவில்லை. எத்தனை மேடை கண்டவர்! "நம்ம தங்கச்சி கண்டுபிடிப்புக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா?" என்று தம் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துக் கூவிக்குப் போர்த்தினார். உணரிக்கு இருட்டு. அலறல் முனகலாகிப்போனது. கூட்டம் கைதட்டியது.

"அதை எடுத்துத் தொலையேன் மொழி," என்று கயல்வேந்தன் பல்லைக் கடித்தான்.

"போர்த்தின பொன்னாடையை உருவுறதா? உங்கப்பாவே என்னை அடிக்க வருவார்."

வெயில், மழை, மின்வெட்டு எல்லாம் யோசித்தவள் பொன்னாடையை மட்டும் யோசிக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்தது.

பேச்சு தாத்தாவிடமிருந்து பூட்டனுக்குப் போனது. பொறுக்க முடியாமல் அவளே எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். "ஐயா மன்னிக்கணும், ரெண்டே வார்த்தை."

நேரமாயிற்று, தாலியை எடுங்கள் என்று சொல்லத்தான் போனாள். "இந்தக் கூவியை நான் ஏன் செஞ்சேன்னா..." என்று வாய் தவறித் தொடங்கியதும் கைதட்டல் எழுந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. அடடா, அது என்ன ருசி! இன்னொன்று சொன்னாள். மறுபடியும் தட்டினார்கள். அறிவியல் டீச்சருக்கு நன்றி சொன்னாள், ஒளியுணரியின் வரலாற்றைச் சொன்னாள், முதல் கூவி புகைந்த கதையைச் சொன்னாள்.

"போதும்மா, ஊர்தி கிளம்பிடும்!" கயல்வேந்தன் தாலியும் கையுமாகக் கெஞ்சினான்.

"இதோ, இறுதியாக..." என்றாள். அதற்கப்புறமும் பல இறுதிகள் வந்தன.

கேமராக்கள் மணமகளை மொய்த்துக்கொண்டன. செங்கோடனுக்கே பசி வந்துவிட்டது. எழுந்து வந்தார். "அருமையாப் பேசின தங்கச்சிக்கு!" என்று கூவிமேலிருந்த பொன்னாடையை உருவி அவள் தோளில் போர்த்தினார்.

அத்தனை வெளிச்சமும் ஒளியுணரியில் விழுந்தது. அவள் செய்த எந்தக் கூவியும் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. நிறைமொழி காதைப் பொத்திக்கொண்டாள். கயல்வேந்தனின் கைக்கடிகாரம் நிலவூர்திக்குக் கடைசி அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தது. அது யார் காதிலும் விழவில்லை.