ஸ்ரீமதி எழுதாத பதில்

அந்த வெள்ளிக்கிழமை காலை, விருதுநகரில் தங்கத்தாயின் வீட்டு முன்னறையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியை அவள் தொடவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்து எதிரே தள்ளினாள்.

"படிச்சுப் பாருங்க மேடம். என் பேர்லதான் இருக்கு. ஆனா இதை நான் எழுதல."

தங்கத்தாய் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்து காலம் கழித்தவர். எரிந்துபோன சரக்குக் கிட்டங்கியில் தீ எந்த மூலையில் பிடித்தது என்று சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு தனியாகத் துப்பறிகிறார். அந்த நிறுவனத்தில் அவருக்குக் கார் ஓட்டிய பால்பாண்டி, வேலையை விட்டுவிட்டு அவருடனேயே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கியும் ஒவ்வொரு வழக்கிலும் குற்றவாளியை முதலில் தான் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு.

வந்திருந்தவள் ஸ்ரீமதி. கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். பட்டாசுத் தொழில் பாதுகாப்பாளர் கழகத்தில் உறுப்பினர். வேதியியலாளர்கள், மேலாளர்கள், ஃபோர்மேன்கள் சேர்ந்த அந்தக் கழகம் 'இணைவு' என்று ஓர் இணையதளம் நடத்துகிறது. சந்தேகம் உள்ளவர்கள் அதில் கேட்கலாம்; தெரிந்தவர்கள் பதில் எழுதலாம்; எல்லோரும் பார்க்கலாம்.

தங்கத்தாய் படித்தார். ஜூன் மாதத்துக் கேள்வி. கேட்டவர் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையின் ஃபோர்மேன் சோணைமுத்து. சாயங்காலம் மிஞ்சுகிற வெடிமருந்துக் கலவையை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அதன் கீழே, 'ஸ்ரீமதி, தொழில்நுட்பக் குழுத் தலைவர்' என்ற பெயரில் பதில்: 'மூடிய டப்பாவில் அடைத்து வைத்து மறுநாள் காலையில் பயன்படுத்தலாம். ஆபத்து இல்லை.'

"ஆத்தி! மிச்ச மருந்த ராத்திரி வைக்கவா?" என்றார் பால்பாண்டி. "அது தானாச் சூடாகிப் பத்திக்கிடும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!"

"மிச்சமே வைக்காதீங்க, அன்னன்னைக்கே தண்ணில ஊறவச்சு அழிச்சிருங்கன்னுதான் நான் எழுதினேன்." என்றாள் ஸ்ரீமதி. "செவ்வாய்க்கிழமை காலையில சோணைமுத்து அண்ணன் முந்தின நாள் டப்பாவைத் திறந்திருக்கார். தீப்பிடிச்சிருச்சு. ரெண்டு கையும் நெஞ்சும் வெந்துபோச்சு. தொண்டைக்குள்ள புகை போயிட்டதால பேசக்கூட முடியல. ராத்திரி தாண்டுவாரான்னே தெரியலங்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் கழகத்துல கூட்டம். என்னை நீக்கிட்டுப் போலீசுக்கும் எழுதிக் கொடுக்கப்போறாங்க."

"நீங்க எழுதினதை வேற யார் மாத்த முடியும்?"

"தளத்தை நடத்துற ரெண்டு பேர். செயலாளர் சபரிநாதன் சார், துணைச் செயலாளர் மணிகண்டராஜ். அவங்க மாத்தினா மாத்தின அடையாளமே தெரியாது. நீக்கினாத்தான் 'நீக்கப்பட்டது'ன்னு நிக்கும். தளத்தைச் செஞ்சு கொடுத்த கம்பெனிகிட்டக் கேட்டேன். பழைய வாசகத்தைத் தேடி எடுக்க நாளாகுமாம்."

"மின்னஞ்சல் வந்திருக்குமே?" என்றார் பால்பாண்டி.

"பதில் வந்திருக்குன்னு மட்டும்தாண்ணே வரும். வாசகம் வராது."

தங்கத்தாய் திரையை மறுபடியும் பார்த்தார். "நீங்க எப்பம்மா தலைவர் ஆனீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுல. சபரிநாதன் சாரும் நின்னார். நான் ஜெயிச்சேன்."

"ஜூன் மாசப் பதிலுக்கு மேலயும் தலைவர்னு இருக்கே?"

"அது தானா மாறிடும் மேடம். தளத்துல என் விவரப் பக்கத்துல ஒரு தடவை மாத்தினா, பழைய பதிவு எல்லாத்துலயும் புதுப் பதவிதான் தெரியும்."

தங்கத்தாய் தலையசைத்தார். பதிலுக்குக் கீழே சோணைமுத்து அன்றைக்கே எழுதிய ஒற்றை வரி இருந்தது: 'நன்றி மேடம். ரூமுக்கு வெளிய ஒரு தொட்டி கட்டச் சொல்லியாச்சு.'

அதை அவர் வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு எழுந்தார். "பாண்டி, வண்டியை எடுங்க."

சிவகாசிச் சாலையில் ஆமத்தூர் தாண்டுவதற்குள் பால்பாண்டி முடிவுக்கு வந்துவிட்டார். "சபரிநாதன்தான் மேடம். தோத்த கடுப்பு. வேற யாருக்கு அந்தப் பிள்ள மேல கோவம்?"

"கோவம் இருந்தா வேற எதையாவது மாத்தியிருக்கலாம். ஏன் இந்தப் பதில், ஏன் இந்த விபத்து?"

சிவகாசியில் கழக அலுவலகத்துக்கு மேலேதான் சபரிநாதனின் அச்சகம். இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவர் பேசினார்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எலெக்ஷன்ல தோத்தேன், அது வேற. ஒரு மனுசன் வெந்து கெடக்கான். தளத்துல நாங்க போடுத ஒவ்வொரு வரியையும் நம்பி உள்ள உக்காந்து மருந்து கலக்குதாக. அதுல பொய் வந்தா கழகம் எதுக்கு?"

"இந்தப் பதிலை முதல்ல எப்பப் பார்த்தீங்க?"

"விபத்துக்கு மறுநாள். மணிகண்டராஜ்தான் போன் பண்ணிப் பாருங்கன்னாரு. அந்த ஆலைக்கு அவருதான் மேனேஜர்."

பால்பாண்டி தங்கத்தாயைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

எம். புதுப்பட்டி ஆலையில் வேலை நிறுத்தப்பட்டிருந்தது. வேப்பமர வரிசைக்கு அப்பால் ஒரு கலவை அறையின் கூரை இல்லை. சுவர்கள் கறுத்து நின்றன. அதன் வாசலுக்கு எட்டத்தில், புதுச் சிமெண்டுத் தொட்டி ஒன்று நிறையத் தண்ணீருடன் இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது.

வாயிலுக்குப் பக்கத்து அலுவலகத்தில் மணிகண்டராஜ் மரியாதையாக எழுந்து நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"அந்தத் தொட்டி எதுக்குங்க?" என்று கேட்டார் தங்கத்தாய்.

"கை கழுவத்தான் மேடம். சோணைமுத்து கேட்டான், கட்டிக் குடுத்தோம்."

"மிச்ச மருந்தை வைக்கச் சொன்னது?"

"நாங்க யாரு மேடம் சொல்ல? படிச்சவங்க சொன்னதைச் செஞ்சோம். இங்கன பாருங்க." சுவரைக் காட்டினார். தளத்திலிருந்து அச்செடுத்த அந்தக் கேள்வியும் பதிலும் பசை போட்டு ஒட்டியிருந்தன. "ஜூன் மாசம் பதில் வந்த அன்னைக்கே அச்செடுத்து ஒட்டிட்டேன். அன்னைலேருந்து கைய வச்சதே இல்ல. தொழிலாளிக எல்லாரும் பாக்கட்டும்னுதான். தப்புன்னு தெரிஞ்சா ஒட்டியிருப்பேனா?"

தங்கத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கிப் போய் நின்றார். நிதானமாக வாசித்தார். பிறகு பால்பாண்டியை அதை ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

"சீசன் ஆர்டர் நெறைய இருக்குமே?"

"தீபாவளி வருதுல்லா. லோடு லோடா போகணும். முதலாளி தினமும் எம்புட்டு முடிஞ்சதுன்னு கேப்பாரு. ஒரு கிராம் மருந்துகூட வீணாக்கக் கூடாதும்பாரு." சொன்ன பிறகு அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மருத்துவமனையில், தீக்காயப் பிரிவின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள் சோணைமுத்துவின் மனைவி குருவம்மாள். அதே ஆலையில் லேபிள் ஒட்டுகிறவள். தங்கத்தாய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மேனேசரு வந்தாகம்மா. ஒம் புருசன் டீச்சர் எழுதினதப் பாத்துத்தான் செஞ்சான், நீ ஒண்ணும் பேசிக்கிடாத, ஆசுபத்திரிச் செலவக் கம்பெனி பாத்துக்கிடும்னாக." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு பேச முடியாம, என் உள்ளங்கையில வெரலால எழுதுதாரு. நான் தப்பாப் படிச்சிட்டேனான்னு எழுதுதாரு. அதையே திரும்பத் திரும்ப எழுதுதாரு."

"சாயங்காலம் கழகத்துக்கு வர முடியுமா?" என்று கேட்டார் தங்கத்தாய்.

கூட்ட அறையில் உட்கார இடமில்லை. ஃபோர்மேன்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். ஸ்ரீமதி முன்வரிசை ஓரத்தில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சபரிநாதன் நீக்கத் தீர்மானத்தைப் படிக்க எழுந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்," என்றார் தங்கத்தாய். பால்பாண்டி தளத்தின் பக்கத்தைத் திரையில் போட்டார்.

"சோணைமுத்து கேள்வி கேட்டார். பதில் வந்தது. உடனே நன்றி சொல்லி, அறைக்கு வெளியே தொட்டி கட்டச் சொல்லியாச்சு என்று எழுதினார். இப்போது திரையில் உள்ள பதில் மருந்தை டப்பாவில் மூடச் சொல்கிறது. டப்பாவில் மூடுவதற்கு எதற்குத் தொட்டி? தண்ணீரில் ஊறவைத்து அழிக்கச் சொன்ன பதிலுக்குத்தான் அந்த நன்றி பொருந்தும். ஆக, மேலே இருக்கும் பதில் பிறகு மாற்றப்பட்டது. கீழே இருக்கும் நன்றியை நீக்கினால் அடையாளம் நிற்கும் என்பதால் விட்டுவிட்டார்கள்."

பின்சுவர்ப் பக்கம் சலசலப்பு எழுந்தது. மணிகண்டராஜ் எழுந்து, "தொட்டி கை கழுவத்தான்," என்றார்.

"இருக்கட்டும். உங்கள் சுவரில் இருப்பது எப்போது ஒட்டியது?"

"ஜூன்ல. காலையிலயே சொன்னேனே."

"பிறகு மாற்றவே இல்லையா?"

"இல்ல."

பால்பாண்டி எடுத்திருந்த சுவர்த் தாளின் படம் திரையில் பெரிதாக வந்தது. தங்கத்தாயின் குரல் உயரவில்லை. "பெயருக்குக் கீழே என்ன பதவி இருக்கிறது, நீங்களே படியுங்கள்."

சபரிநாதன்தான் மெதுவாகப் படித்தார்: "தொழில்நுட்பக் குழுத் தலைவர்."

"ஸ்ரீமதி தலைவரானது போன ஞாயிற்றுக்கிழமை. தளத்தில் பழைய பதிவுகளின் பதவி தானாக மாறிவிடும். அதனால் திரையைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் சுவரில் ஒட்டிய தாள் தானாக மாறாது. ஜூனில் அச்செடுத்திருந்தால் அதில் வெறும் உறுப்பினர் என்றுதான் இருக்கும். இந்தத் தாள் தேர்தலுக்குப் பிறகு அச்சானது. அதை ஜூனில் ஒட்டியதாக இவர் ஏன் சொல்ல வேண்டும்? பதிலை மாற்றும் உரிமை இரண்டு பேருக்கு. அதில் ஒருவர்தான் இந்தப் பொய்யைச் சொல்கிறார்."

"மேனேஜரோட வேலைதான், பாத்தீகளா!" என்றார் பால்பாண்டி, காலையில் சபரிநாதன் பெயரைச் சொன்னதை மறந்து.

மணிகண்டராஜின் உதடுகள் அசைந்தன. "முதலாளி மருந்து வீணாகக் கூடாதுன்னாரு. ஒரு நாள்தானேன்னு மூடி வைக்கச் சொன்னேன். இப்படி ஆகும்னு... தீப்பிடிச்ச அன்னைக்கு ராத்திரி பயத்துல பதிலை மாத்தி..." அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாசல் பக்கமிருந்து குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மணிகண்டராஜுக்கு நேர் எதிரே நின்றாள்.

"நீங்கதான் வைக்கச் சொன்னீகளா? அவரு வேண்டாம்னாராக்கும்?"

"சொன்னான். ரெண்டு தடவை சொன்னான்."

அவள் அவரை அடிப்பாள் என்று பால்பாண்டி ஓரடி முன்னால் வந்தார். அவள் கையை ஓங்கவில்லை. அவரை விட்டுத் திரும்பி, ஸ்ரீமதியிடம் வந்தாள்.

"டீச்சர், நீங்க வந்து அவருகிட்டச் சொல்லுவீகளா? நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நெனச்சிக்கிடுவாரு."

சபரிநாதன் தீர்மானத் தாளை இரண்டாகக் கிழித்தார். காவல் நிலையத்துக்கு அவரே போன் செய்தார். பிறகு, "அம்மா, என் வண்டி வெளிய நிக்குது. ரெண்டு பேரும் ஏறுங்க," என்றார்.

மருத்துவமனையில் ஒருவரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். ஸ்ரீமதி முகக்கவசம் கட்டிக்கொண்டு போனாள். சோணைமுத்துவின் கைகள் முழுக்கக் கட்டு. ஒரு விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவர் கண்கள் அவளையே பார்த்தன. அவள் குனிந்து, அவர் காதருகே சொன்னாள்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் படிச்சீங்க. நீங்க கட்டின தொட்டியும் சரி. வேண்டாம்னு சொன்னதும் சரி. மேனேஜரே எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டார்."

விரல் மெல்ல அசைந்தது. அவள் உள்ளங்கையை அதன் கீழே நீட்டினாள். அவர் ஒன்றும் எழுதவில்லை. விரலை அங்கேயே வைத்துவிட்டுக் கண்களை மூடினார். விபத்து நடந்ததிலிருந்து அவர் தூங்கியது அப்போதுதான் என்று செவிலி வெளியே வந்து குருவம்மாளிடம் சொன்னார்.