பன்னிரண்டு எழுத்து அதிகம்

"திம்மப்பன் யாருக்கு வித்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். வித்தான்கிறதுல எனக்குச் சந்தேகமே கிடையாது."

வீரலட்சுமி இப்படி ஆரம்பித்தபோது நாராயணப்பன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். தந்தி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவர். எதையாவது விசாரித்துத் தரச் சொல்லி ஓசூரில் அவர் வீடு தேடி ஆள் வருவது வழக்கம். பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் முத்துமணி, வகுப்பை அம்போவென்று விட்டுவிட்டு நோட்டும் கையுமாக ஓடிவந்துவிட்டார். அந்த மனிதருக்கு வழக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

விஷயம் இதுதான். அது 1987. தொழிற்பேட்டையில் ஒரு கியர் கம்பெனி. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் வீரலட்சுமி நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சங்கேத இயந்திரம் செய்திருந்தாள். புதிய கியர்களின் அளவுகள் அதில் புகுந்து, யாருக்கும் புரியாத எழுத்துகளாகி, டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்தியில் பம்பாய் முதலாளிக்குப் போகும். மூன்று மாதமாக அதே அளவுகளில் பெங்களூர்ப் போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டு கியர் போடுகிறது.

"வழியில எவனாவது ஒயர்ல கொக்கி போட்டு நகல் எடுத்திருப்பானோ?" என்றார் முத்துமணி.

"எடுக்கட்டுமே. அதுக்குத்தானே மெஷின்! அஞ்சு சக்கரம் சார். தினமும் ஒவ்வொண்ணையும் எந்த எழுத்துல நிறுத்தணுமோ, அதுதான் சாவி. ஒரு கோடியே பதினெட்டு லட்சம் வழி இருக்கு. ஒரு எழுத்தை அடிச்சா வேற எது வேணா வரும், அதே எழுத்து மட்டும் வராது. இந்த அமைப்பை நானே கருத்தரங்குல கட்டுரையா வாசிச்சிருக்கேன். அமைப்பு தெரிஞ்சாலும் சாவி இல்லாம படிக்க முடியாது. பம்பாய்ல சாவி முதலாளி கையில. இங்க நானும் டெலக்ஸ் ஆபரேட்டர் திம்மப்பனும்தான்."

"வேற ஏதாவது?"

"போன மாசம் பயிருல யானை இறங்கிடுச்சுன்னு திம்மப்பன் ஒரு வாரம் சொந்த ஊர் ஜவளகிரிக்குப் போயிட்டான். அந்த வாரம் நானே அனுப்பினேன். அந்தச் செய்தி மட்டும் ஒண்ணுகூட வெளிய போகல. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

முத்துமணி தொடையைத் தட்டினார். "ஆள் மாட்டிக்கிட்டான்!"

"பொறும் ஓய்," என்றார் நாராயணப்பன்.

திம்மப்பனை வேலையிலிருந்து நிறுத்தி மூன்று நாளாகிவிட்டது. மேனேஜர் அண்ணாதுரை போலீஸ் புகாரை டைப் அடித்தே வைத்திருந்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் வீரலட்சுமி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திம்மப்பனுக்கு ஜெயில்தான்.

மறுநாள் காலையில் நாராயணப்பன் கம்பெனியில் அவளும் திம்மப்பனும் வேலை பார்க்கும் அறைக்கே வந்து, அவள் எழுதிக்கொடுத்த மூலப் பிரதிகளையும் திம்மப்பன் அனுப்பிய முப்பது சங்கேதத் தந்திகளையும் அவளே அனுப்பிய வாரத்துத் தந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார். அடிக்கோலை வைத்து எழுத்து எழுத்தாக எண்ணினார். எண்ணி எண்ணி முத்துமணிக்குக் கண்ணே பூத்துப்போயிற்று. பிறகு கிழவர் சாதாரண டெலக்ஸ் ஃபைலைக் கேட்டார். எஃகுக் கம்பி விசாரித்துப் பெங்களூர்ப் போட்டிக் கம்பெனிக்கே போன ஒரு டெலக்ஸ் அதில் இருந்தது. உச்சியில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் 'ஸ்ரீராமஜெயம்'. அதையும் எண்ணினார். எதுவும் சொல்லாமல் ஜவளகிரி பஸ் ஏறினார். வீரலட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஆளை நம்பி வந்தோமே என்றிருந்தது.

நாலு மணிக்கு மேனேஜர் அறையில் எல்லோரும் கூடினார்கள். நாராயணப்பன் திம்மப்பனையும் கூட்டி வந்திருந்தார். முகம் மழிக்காமல், செருப்பை வெளியே விட்டு, சுவரோரம் நின்றார் அந்த மனுஷன். வீரலட்சுமி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"உங்க பிரதியில இருநூறு எழுத்துன்னா, போன தந்தியில இருநூத்திப் பன்னிரண்டு," என்று ஆரம்பித்தார் நாராயணப்பன். "முப்பதுலயும் பன்னிரண்டு அதிகம். நீங்க அனுப்பின வாரத்துல மட்டும் கணக்கு சரியா இருக்கு."

"பாத்தீங்களா! ரகசியக் குறிப்பு!" என்று குதித்தார் முத்துமணி.

"ஸ்ரீராமஜெயம் ஓய். இங்கிலீஷ்ல அடிச்சா சரியா பன்னிரண்டு எழுத்து. திம்மப்பன் அதைப் போடாம எதையும் ஆரம்பிக்கிறதில்ல. நானும் நம்பாம சோதிச்சேன். எந்த எழுத்தும் அதே எழுத்தா வராதுன்னீங்க. முப்பது தந்தியோட தலையிலயும் இந்தப் பன்னிரண்டை வச்சேன். வேற வார்த்தைன்னா பத்து இடத்துலயாவது ஒரே எழுத்து மோதியிருக்கும். இதுல ஒண்ணுகூட மோதல."

"சரி, இருக்கட்டும். அதனால என்ன?" என்றார் அண்ணாதுரை.

"பெங்களூர்க்காரன் யார்கிட்டயும் சாவி வாங்கல சார். ஒயர்ல கொக்கி போட்டுத் தந்தியை மட்டும் நகல் எடுத்திருக்கான். தலைப்பு என்னன்னு அவன் ஃபைல்லயே இருக்கு. மெஷினோட அமைப்பு அம்மாவோட கட்டுரையில இருக்கு. சக்கரத்தை ஒவ்வொரு நிலையா மாத்திப் பாத்தா, எதுல ஸ்ரீராமஜெயம் கிடைக்குதோ அதுதான் அன்னிக்குச் சாவி. அம்மா செய்தியில தலைப்பு இல்ல, அவனால பிரிக்க முடியல. இதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினா எவ்வளவு நேரம் ஆகும்மா?"

ஒரு கோடியே பதினெட்டு லட்சத்தை அவள் மனசுக்குள் வகுத்தாள்.

"நாலு மணி நேரம்."

அண்ணாதுரைதான் முதலில் சுதாரித்தார். "அப்பவும் தப்பு இவன் மேலதானே? கவனக்குறைவுன்னு எழுதி வேலையை விட்டு அனுப்பிடலாம். மெஷினோட ரகசியம் உடையும்னு வெளிய தெரிஞ்சா, வெள்ளிக்கிழமை இதுக்கு ஆர்டர் குடுக்க வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க. உங்க பிரிவையே மூடிருவாங்கம்மா. யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? நாலு வருஷமாக அவள் கண்டபடி எழுத்துகளைப் போட்டுத்தான் இயந்திரத்தைச் சோதித்தாள். கடவுள் பேரை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கும் ஒருவர் அதில் உட்காருவார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"எதிராளிக்குத் தெரிஞ்ச எழுத்தை அடிச்சாலும் மெஷின் தாங்கணும் சார். இந்தத் துறையில அதுதான் முதல் பாடம். அதை நான் சோதிக்கவே இல்ல."

புகாரை நாலாகக் கிழித்தாள். புதுத் தாளில், இயந்திரம் பாதுகாப்பற்றது, பிழை வடிவமைப்பில், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் திம்மப்பன் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்க அண்ணே."

"நாலு வருஷமா எதிர் டேபிள்ல உக்காந்திருந்தீங்க மேடம். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே," என்றார் திம்மப்பன். குரல் உயரவில்லை. "எம் பொண்டாட்டி கெம்பம்மா மூணு நாளா தண்ணிக்குக்கூட வெளிய போகல. திருடன் பொண்டாட்டிங்கறாங்க. நான் சொன்னா ஊர்ல எவன் நம்புவான்? நீங்க வந்து சொல்லணும்."

"எப்ப பஸ்?"

"அஞ்சு மணிக்கு."

மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். வீரலட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு திம்மப்பனோடு வெளியே நடந்தாள்.