முகாம் குளத்து விரால்

பூனை சுவரைத் தாண்டவில்லை. மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்து தேவபிரசாதம் சைக்கிளை நிறுத்தினால், மீன் தலையைக் கவ்விக்கொண்டு ஒரே தாவலில் புறவாசல் சுவரின் மேல் ஏறிவிடும் பூனை அது. இன்று பாதி உயரத்திலேயே முகம் கல்லில் மோதிக் கீழே விழுந்தது, எழுந்தது, இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. உப்பளக் காற்றில் கருவாட்டு வாடை வந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. அடுப்படி நிழலில் மண்பானைக்குள் உயிரோடு கிடந்த விரால்கள் மேலே மூடியிருந்த தட்டை அவ்வப்போது முட்டின. டொக். டொக்.

பழகிய சத்தம். அவன் மனைவி இன்பமணி உண்டாகியிருந்த மாதங்கள் முழுக்க அது இந்த வீட்டில் கேட்டது. கடல்மீன் சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளத்து விரால்தான் ஆகும் என்பது பனங்காட்டிலிருந்து வந்த அவர்கள் குடும்பத்து வழக்கம். கடைசி மாதத்தில் அவள் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். ரவிக்கைக் கொக்கியை மாட்ட விரல் வரவில்லை. பலவீனம் என்று நினைத்து, இன்னும் பெரிய மீனாகக் கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். பிள்ளை பிறந்த பதினோராம் நாள் அவளைப் புதைத்தார்கள். அன்றிலிருந்து அவளுடைய அக்கா ஜெபசெல்வி, தன் கடைக்குட்டியின் பாலை மறக்கடித்துவிட்டு, தங்கை பிள்ளைக்குக் கொடுக்கிறாள். ஆறு மாதம் ஆகிறது. பால் வற்றக்கூடாதென்று அவளுக்கும் தினம் விரால்.

"பூனைக்கு என்ன மதினி?"

"வெயிலு தலைக்கு ஏறியிருக்கும். இந்தாங்க தம்பி, காப்பி."

டம்ளர் அவள் விரல்களிலிருந்து நழுவி உருண்டது.

"கை மரத்து மரத்துப் போவுது. உதடுகூட."

தினம் விரால் கொண்டுவரும் வெள்ளத்துரை மீன்கூடையோடு புறவாசலில் வந்து நின்றான். ஜெபசெல்வி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, பெருசுன்னு சொல்லிக் குஞ்சைக் கொண்டாந்திருக்கியா?"

"இவனா குஞ்சு? சின்ன மீனையெல்லாம் தின்னு தின்னுக் கிழடானவன்க்கா. சேத்தை விட்டு வெளிய வரமாட்டேன்னான்."

சிரித்துக்கொண்டே ஒரு தேங்காய்ச் சிரட்டையை தேவபிரசாதத்திடம் நீட்டினான். "வாத்தியாரய்யா, இது என்னன்னு சொல்லுங்க பாப்பம்."

சிரட்டைக்குள் வெள்ளியாய் ஒரு துளி. அசைத்தால் இரண்டாகப் பிரிந்தது. மறுபடி சேர்ந்தது.

பாதரசம்.

"எங்க எடுத்த?"

"முகாம் குளத்துலதான். யுத்தம் முடிஞ்சு போவையில பட்டாளம் இரும்புக் குப்பியாத் தள்ளிட்டுப் போச்சுல்லா? முழ உசரம்கூட இல்ல, தூக்க ரெண்டு ஆளு வேணும். நாப்பது கெடக்கும். மூடியெல்லாம் துருப்பிடிச்சு வாயைப் பொளந்துட்டு. அந்த வருச வெள்ளத்துல கரைக்காடு முங்கி அழுகிச்சு பாருங்க, அந்தக் கருஞ்சேத்தோட எல்லாம் கலந்துபோச்சு. அதுல இருந்துதான் மீனுக்கு இந்தக் கொழுப்பு."

தேவபிரசாதத்தின் கையில் சிரட்டை கனத்தது.

கொக்கி மாட்டாத விரல்கள். பூனை. டம்ளர்.

உள்ளே ஓடினான். அதற்குள் ஜெபசெல்வி பாயில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். மடியில் பிள்ளை.

"பால் கொடுக்காதீங்க மதினி!"

"என்ன பேசுதிய தம்பி? பசிச்ச பிள்ள."

"மீன்ல பாதரச விஷம் இருக்கு. பால்லயும் வரும்."

"நானுந்தான் திங்கேன். எனக்கு என்ன..."

நாக்கு புரளவில்லை. மறுபடி முயன்றாள். வரவில்லை. அவள் கண்கள் அவனையே பார்த்தன.

பிள்ளையைப் பிடுங்கினான். வாயோரம் பால். சன்னலுக்குக் கொண்டுபோனான். சாய்ந்த வெயில் முகத்தில் விழுந்தது. இமை சுருங்கவில்லை.

பெயர் சொல்லி அழைத்தான். திரும்பவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்படிப் பானையின் தட்டை எடுத்துக் கல்தரையில் ஓங்கி எறிந்தான். புறவாசலில் வெள்ளத்துரை துள்ளி விலகினான். ஜெபசெல்வி காதைப் பொத்தினாள். சுற்றிக்கொண்டிருந்த பூனை அந்த வட்டத்திலேயே விழுந்தது.

பிள்ளை அசையவில்லை.

தட்டு சுழன்று அடங்கியது. பிறகு, அவன் தோளில் கிடந்த சின்னக் கை நடுங்கியபடி மேலே எழுந்தது. காற்றில் தேடியது. சுவரைத் தொட்டது.

தடவியது. இன்னும் கொஞ்சம் தள்ளி. மறுபடி தடவியது.