கண்ணாடியில் வந்த பேருந்து

சின்னவளின் வலது காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மாலை நான்கேகால் மணியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அப்பா ஓட்டும் பேருந்து தெருமுனையில் திரும்பும். அவர் வேலைக்குக் கிளம்பும்போதும் பிள்ளைகள் தூக்கம், வீடு திரும்பும்போதும் தூக்கம். முன்பெல்லாம் அக்காவும் தங்கையும் வாசலில் நின்று அவருக்குக் கையசைப்பார்கள். இப்போது சின்னவளுக்கு ஹாரன் சத்தம் மட்டும்தான். கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

“அந்தச் சுவர்ல எத்தனை விரிசல்னு கேளு, சொல்றேன்,” என்பாள்.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை உருப்போட்டாள். “ஒளி எந்தச் சாய்வில் கண்ணாடியில் விழுகிறதோ, அதே சாய்வில் திரும்பிப் போகும்.”

“அப்படின்னா என்னக்கா?”

“அப்படின்னா அஞ்சு மார்க்.”

“அதை வச்சு அப்பாவைப் பார்க்கலாமா?”

“சும்மா இருடி. அது பரீட்சைக்கு.”

சொல்லிவிட்டாளே தவிர, பெரியவளுக்கு மனசு கேட்கவில்லை. அதே வரியை மறுபடி படித்தாள், இந்த முறை மெதுவாக. பிறகு எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்தாள். ஜன்னல் கதவின் உள்பக்கம் அதைக் கயிற்றால் கட்டி, கதவை வெளியே தள்ளினாள்.

“என்ன தெரியுது?”

“சுவர்தான். புது விரிசல்.”

கதவைக் கொஞ்சம் சாத்தினாள்.

“இப்போ?”

“என் மூஞ்சி.”

ஒரு விரற்கடை திறந்தாள்.

“அக்கா, ஆட்டாதே. தெருமுனை தெரியுது.”

நான்கேகாலுக்குப் பேருந்து வந்தது. “நம்பர் திரும்பிக் கிடக்கு. ஆனா அப்பா சரியாத்தான் இருக்கார்,” என்று சிரித்தவள், சற்று நேரத்தில் வாடிப்போனாள். “நான் பார்த்துட்டேன். அவர் என்னைப் பார்க்கலையே.”

பெரியவள் புத்தகத்தைப் புரட்டினாள். அதற்கு அதில் பதில் இல்லை. கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர்கிட்டேருந்து ஒளி உன்கிட்ட வருதுல்ல? அதே வழியில உன்கிட்டேருந்து அவர்கிட்டயும் போகணும். ஆனா நீ இருட்டுல கிடக்கே.”

“புக்குல போட்டிருக்கா?”

“இல்ல. நானா யோசிச்சேன்.”

“அப்போ சரியா இருக்குமா?”

“தெரியல. நாளைக்குப் பார்ப்போம்.”

மறுநாள் அவள் வாசலுக்குப் போகவில்லை; வாசல் காலியாக இருந்தால் அப்பாவின் கண் ஜன்னல் பக்கம் திரும்பும் என்று நினைத்தாள். ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு, தங்கையின் முகத்தில் டார்ச்சை அடித்துப் பிடித்தாள். அங்கிருந்து அவளுக்குக் கண்ணாடியும் தெரியாது, தெருவும் தெரியாது.

பேருந்து முனைக்கு வந்தது. வேகம் குறைந்தது. வழக்கமாக ஒருமுறை அடிக்கும் ஹாரன், இன்று மூன்று முறை அடித்தது. சின்னவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

“அப்பா என்னைப் பார்த்துக் கையாட்டினார்க்கா. ஐயோ, நீ பார்க்கவே இல்லையே.”

பெரியவள் டார்ச்சை அணைத்தாள்.

“பார்த்தேனே, உன் மூஞ்சியில.”