சந்தனம் வைத்த பிஸ்டல்

அந்தி மழை விடுவதாக இல்லை. காஜா பெராங் சாலையோரப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் கலியாணசுந்தரம் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தார். பின்கட்டில் ஆயுத அறை. அதன் சாவி அவர் இடுப்பிலேயே கிடக்கும். துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டுவதுதான் உத்தியோகம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசர காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு அவர்கள். வேலைக்குப் பஞ்சமில்லை.

மேசைமேல் பழைய பிரவுனிங் பிஸ்டல் ஒன்று இருந்தது. உலக யுத்தம் பார்த்த இரும்பு. விசாரணை முடிந்து அன்றுதான் திரும்பி வந்திருந்தது. வாசலில் நின்றான் தேவதாஸ், மாத்தா என்கிற போலீஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்தவன்.

“அண்ணே, எனக்கு அதையே குடுங்க. சுப்பையன் மாமா கையில இருந்ததுதானே?”

“அது எதுக்குப்பா உனக்கு?”

“மாமா பயந்துபோய் சுடாமலே செத்தாருன்னு ஊரே சிரிக்குது. அவர் சம்சாரம் ருக்மணி அக்கா வெக்கப்பட்டு கோயிலுக்குக்கூட போறதில்ல. அதே பிஸ்டல நான் சுட்டுக் காட்டணும்லா.”

கலியாணசுந்தரத்துக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல இருந்தது. “காலையில வா” என்று அனுப்பிவிட்டார்.

சுப்பையன் பயப்படவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போன ஆயுத பூஜையன்று, வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இல்லாத நேரம் பார்த்து, கலியாணசுந்தரம்தான் இந்தப் பிஸ்டலைப் பிரித்து வாழையிலையில் பரப்பினார். மனுஷனுக்குப் பக்தி கொஞ்சம் தாராளம். பாகத்துக்குப் பாகம் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பினார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும், துடைக்காமலே அவசரமாகப் பூட்டி அலமாரியில் வைத்தார். பிறகு மறந்தே போனார்.

சுடும் ஊசி எட்டிப் பார்க்கும் துளைக்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்துச் சுப்பையன் விசையை அழுத்தியபோது, டக் என்ற ஓசைதான் வந்தது; அவர்கள் குண்டு அவனைச் சாய்த்தது. செத்தவன் கையிலிருந்து பிஸ்டல் முதலில் இவரிடம்தான் வந்தது. இவர் சந்தனத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, “துப்பாக்கியில் பழுதில்லை” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் சுப்பையன் கோழையானான். நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தார். மேகசினைக் கழற்றினார். மேற்கூட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார். பக்கத்து முளையைத் தள்ளி மேற்கூட்டை உருவினார். ஸ்பிரிங், குழல், கடைசியாக ஊசி. எல்லாவற்றையும் துணியில் வரிசையாக வைத்தார்.

டக்.

பிரித்துக் கிடக்கிற துப்பாக்கி. ஊசியைத் தட்டும் சுத்தி அசையவே இல்லை.

டக்.

எண்ணெய் வாடைக்குள்ளிருந்து சந்தன மணம் எழுந்தது. அதற்கடியில் பச்சை ரத்தத்தின் வாடை. ஊசித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் அரைத்து வைத்ததுபோல் ஈரச் சந்தனம்.

துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடியும் இருந்தது.

பாகங்களை மறுபடி ஒன்றுசேர்த்துப் பூட்டினார். துளை வழியாகச் சந்தனம் மெல்லப் பிதுங்கி வந்தது. அந்தப் பிஸ்டலைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் தள்ளிப் பூட்டிவிட்டு, மழையிலேயே வீட்டுக்கு ஓடினார். குடை அங்கேயே கிடந்தது.

காலையில் தேவதாஸிடம் வேறொரு பிஸ்டலைக் கொடுத்தார்.

“அதுல ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்கு, தம்பி. இத வச்சுக்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

ரோந்துக்குக் கிளம்புமுன் திடலில் சுட்டுப் பழகப் போன தேவதாஸ், உச்சிவெயிலில் திரும்பி வந்தான். பிஸ்டலை மேசைமேல் வைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“வெடிக்கலண்ணே. டக்னு மட்டும் அடிச்சிச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள சந்தனம். ஈரமா.” குரலைத் தாழ்த்தினான். “மாமா பிஸ்டல்லயும் இப்படித்தான் இருந்துச்சா? யாருண்ணே வச்சது?”

நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சுப்பையன் பேர் மீளும், ருக்மணி தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போவாள். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. வெட்கம் அதை விழுங்கிவிட்டது.

“உங்க மாமாதான்” என்றார் கலியாணசுந்தரம். “பூஜைக்கு அவரே வச்சாரு. வேணாம்னு நான் சொன்னேன்.”

அலமாரிக்குள் டக் என்றது.

பிறகு இன்னொன்று. பிறகு உள்ளிருந்த துப்பாக்கிகள் அத்தனையும்.

“உள்ள யாருண்ணே?” தேவதாஸ் கிசுகிசுத்தான். இவர் கை அசையாததைக் கண்டு, அவனே அவர் இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தான்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஈரம் காயாத சந்தனப் பொட்டு. ஒவ்வொரு பொட்டிலும் கட்டைவிரல் ரேகை, அதன் நடுவே குறுக்காக ஒரு தழும்பு.

எப்போதோ ஸ்பிரிங் தெறித்துக் கலியாணசுந்தரத்தின் கட்டைவிரலைக் கிழித்த தழும்பு அது. ஸ்டேஷனில் அதை அறியாதவர் இல்லை.

தேவதாஸ் பொட்டுகளைப் பார்த்தான். மெதுவாகத் திரும்பினான்.

“அண்ணே, கையைக் காட்டுங்க.”

கலியாணசுந்தரம் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினார். அவருக்குப் பின்னால் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை.

தேவதாஸ் அலமாரியருகிலேயே நின்றான்; சில்லென்ற விரல்கள் பின்னாலிருந்து அவர் மணிக்கட்டைப் பற்றின. மறைத்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்து நீட்டின.