வரிசையில் முதலாவதாக நிற்பவள்

முப்பது நொடிக்கு ஒரு முறை வரவேண்டிய வரி இருபத்தொன்பதாவது நொடியில் வந்தது.

அருள் பிரகாஷ் அதைக் கவனித்தான். ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் சில விஷயங்களை அப்படித்தான் நடத்த வேண்டியிருக்கிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் படிக்கட்டுக்கு அடியில் அவனுடைய அறை. வாசலில் சர்வர் ரூம் என்று பலகை தொங்கும். உள்ளே சர்வர் ஒன்றும், கால் ஒடிந்த சக்கர நாற்காலிகள் பதினொன்றும் இருந்தன. பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் மூன்று நாளாக அடித்த புயல் மழையில் பகல் என்ற பேச்சே ஊரில் எடுபடவில்லை. ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைக் காணோம், இரண்டு பிளாட்பாரமும் ஆற்றங்கரைகளாகி எதிரெதிரே நின்றன. தெருநாய்கள் எல்லாம் மருத்துவமனை வராந்தாவுக்கு வந்து, வெளிநோயாளிகளோடு பெஞ்சுக்கடியில் ஒழுங்காக முறைவைத்துப் படுத்திருந்தன.

திரையில் அதே வரி மறுபடியும் வந்தது. இணைப்பு மறுக்கப்பட்டது. மீண்டும் முயல்கிறது.

அந்த மருத்துவமனைக்குச் சிதம்பரத்தில் ஒரு கிளை உண்டு. கடலூரில் ஒரு கம்பெனியின் மென்பொருள், சிதம்பரத்தில் வேறொரு கம்பெனியின் மென்பொருள். சீர்வரிசையில் மனஸ்தாபமாகி முகத்தைத் திருப்பிக்கொண்ட சம்பந்திகளைப் போல இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. இவர் சொல்வதை வாங்கி, அவருக்குப் புரிகிற பாஷையில் மாற்றி, அங்கே கொண்டுபோய்க் கொடுக்க நடுவில் ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. அதற்கு அடாப்டர் என்று பெயர். அது ஒரு நேரத்தில் ஒரு செய்தியைத்தான் எடுத்துப் போகும். மற்றவை வரிசையில் நிற்கும். முதலில் நிற்பதைச் சிதம்பரம் வாங்கிக்கொண்டால்தான் இரண்டாவது நகரும்.

இரண்டாவதாக நின்றது அவன் தங்கையின் உயிர்.

ஆரோக்கிய அனிதா காலையில் சிதம்பரத்தில் பெண் குழந்தை பெற்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை. புருஷன் குவைத்தில் இருந்ததால், புயலுக்கு முன்பே அவளைச் சேர்த்தபோது அட்மிஷன் காகிதத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் அருள்தான். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். வார்டில் இருந்த ஒருவருக்கும் அந்த வகை கிடையாது. ஆனால் லேபிலிருந்த குளிர்பெட்டிக்குள் மூன்று பை இருந்தது. போன வருடம் யாரோ போனில் சொன்னதைக் கேட்டுப் பை மாறிப்போன பிறகு, நிர்வாகம் அந்தப் பெட்டிக்கு ஒரு மின்பூட்டு வாங்கி மாட்டியது. கடலூரிலிருந்து உத்தரவு கணினி வழியாகப் போனால்தான் திறக்கும். அந்தப் பூட்டை வாங்கச் சொல்லி யோசனை சொன்னவனும் அருள்தான்.

லேபில் இருந்த சந்திரலேகா கால் மணிக்கு ஒரு முறை போன் செய்தாள். அவசரச் சாவி மேனேஜரிடம். மேனேஜர் புவனகிரியில் மாடியில். மாடிக்குக் கீழே எல்லாம் வெள்ளம். வாட்ச்மேன் செம்பியன் கடப்பாரை எடுத்து வந்து முயன்றதில் வளைந்தது கடப்பாரைதான்.

அருள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான். சிதம்பரத்துக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான், இருந்தது. போர்ட் எண் சரி, கடவுச்சொல் சரி, சான்றிதழின் தேதி சரி. அடாப்டரை மூன்று முறை நிறுத்தி எழுப்பினான். ஒவ்வொரு முறையும் அது நல்ல பிள்ளையாக எழுந்து அதே வரியைச் சொன்னது. சொல்லும்போது ஒரு சின்னச் சத்தம், நெட்வொர்க் பெட்டிக்குள்ளிருந்து, நகத்தால் கதவைச் சுரண்டுவது போல.

இருபத்தாறு நொடி.

அப்போதுதான் வரிசையில் முதலாவதாக நிற்பது எது என்று பிரித்துப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற மாதிரியான நாள் இல்லை அது.

பட்டம்மாள். வயது அறுபத்து மூன்று. மேல்பட்டாம்பாக்கம்.

பட்டம்மாள் என்று யாரும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் அடாப்டரை நிறுவியபோது, சோதனைக்கு ஒரு நோயாளி வேண்டியிருந்தது. மென்பொருளோ பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் எழுதாமல் விடமாட்டேன் என்றது. கம்பெனியிலிருந்து வந்திருந்த ஸ்ரீதர் டீ குடித்துக்கொண்டே கற்பனையாக அடித்தான். அடையாளம்: வலது கையில் ஆறு விரல். பழக்கம்: வெற்றிலை. படுக்கை: சிதம்பரம், ஏழு, ஜன்னல் ஓரம். அன்று முதல் இணைப்பு அறுந்து வரும்போதெல்லாம் பட்டம்மாளை ஏழாம் படுக்கையில் சேர்ப்பார்கள். செய்தி போய்ச் சேர்ந்தால் லைன் சரி. உடனே டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். நானூற்றுப் பதினேழு முறை சேர்ந்திருக்கிறாள். ஒரு முறைகூட ஒரு நிமிடத்துக்கு மேல் படுத்ததில்லை. பட்டம்மாவுக்கு உடம்பு தேவலையா என்று கேன்டீனில்கூடக் கேட்பார்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு மின்சாரம் போய் வந்தபோது, கைப்பழக்கத்தில் அவளைச் சேர்த்திருந்தான். அதே நேரத்தில்தான் அனிதாவுக்கு வலி என்று போன் வந்தது. டிஸ்சார்ஜ் செய்யாமல் போனோடு வராந்தாவுக்கு ஓடிவிட்டான்.

செய்தியின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அவர்கள் அதை எப்போதும் காலியாகத்தான் விடுவார்கள். அதில் ஏதோ எழுதியிருந்தது.

நிக்கிறேன் தம்பி.

அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஸ்ரீதருக்குப் போன் போட்டான். அவன் சென்னையில் ஏதோ குளிரூட்டிய அறையில் இருந்தான். பின்னால் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். விளையாட்டுக்கு இது நேரமா என்று அருள் கேட்டதற்கு, தான் எதையும் தொடவில்லை என்று மாதா மேல் ஆணையாகச் சொன்னான். அவன் மாதாவைக் கும்பிடுகிற ஆள் இல்லை, அருளுக்காகச் சொன்னான்.

"அழிச்சிப் பாத்தியா மச்சான்?"

அழித்தான். வரி மறைந்தது. அனிதாவின் உத்தரவு ஒரு படி மேலே ஏறியது. அருள் மூச்சை விட்டான். சுரண்டல் சத்தம். பட்டம்மாள் திரும்பவும் முதலில் நின்றாள்.

காலு நோவுது தம்பி. எத்தினி வாட்டி எழுப்பி அனுப்புவ.

அவளை ஒன்பதாம் படுக்கைக்கு மாற்றினான். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஏழு என்று காட்டியது. குறிப்பில்: ஜன்னல் ஓரம்தான் எனக்கு தோது.

அறையில் ஈரச் சுவரின் வாசனையும் வராந்தா பினாயில் வாசனையும்தான் காலையிலிருந்து இருந்தன. இப்போது அவற்றுக்கு நடுவே, யாரோ ஈரப்புடவையோடு உள்ளே வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று மெல்லுகிற மாதிரி, வெற்றிலையும் சுண்ணாம்பும் கலந்த வாசனை தரையோரமாகத் தவழ்ந்து அவன் கணுக்கால் வரை வந்தது. பதினொரு சக்கர நாற்காலிகளில் ஒன்றின் சக்கரம் மெதுவாக, எண்ணெய் போடாத சத்தத்தோடு, கால் சுற்று சுற்றி நின்றது. காற்று என்று சொல்லிக்கொண்டான். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

பதினெட்டு நொடி.

சந்திரலேகா அழைத்தாள். இந்த முறை அவள் குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, டாக்டர் இருவது நிமிசம்தான்னுட்டாங்க. அனிதாக்கா உதடெல்லாம் வெளுத்துப் போச்சி. ஏதாச்சும் பண்ணுண்ணா."

"எந்த பெட்டும்மா?"

"வார்டு ரொம்பிப் போச்சில்ல, அதான் ஏழுல போட்டிருக்கு. ஜன்னலாண்ட."

அருள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பதிவேட்டின் அடிவரை இறங்கிப் போனான். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே, யாரும் படிக்காத பொடி எழுத்தில், மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அது காலையிலிருந்தே இருந்திருக்கிறது. இத்தனை நேரமாகக் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தவன் அதைப் படிக்கவில்லை.

படுக்கை ஏழு: ஆள் இருக்கிறார்.

லைனில் ஒரு கோளாறும் இல்லை. சிதம்பரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு படுக்கையில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது.

அந்த லைனை விடாமல், மேசை போனில் ஸ்ரீதரிடம் சொன்னபோது பிறந்தநாள் பாட்டு நின்றிருந்தது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றான் அவன்.

"கட்டாயமா வாங்கிக்கோன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு. முன்னாடி நிக்கிறத உள்ள விட்டுடு மச்சான். பின்னாடி உள்ளது தன்னால போயிடும். பேர்தானே, அப்பறம் மாத்திக்கலாம்."

பட்டன் இருந்தது. அருள் அதை அமுக்கினான். திரை ஒரு கேள்வி கேட்டது. படுக்கையில் இருப்பவர் வெளியேற்றப்படுவார். சம்மதமா?

பதிவுதானே, என்று நினைத்தான். எழுத்துதானே. அங்கே கட்டிலில் கிடக்கிறவளை ஒரு எழுத்து என்ன செய்துவிடும். பத்து நிமிடத்தில் பட்டம்மாளை டிஸ்சார்ஜ் செய்து அனிதாவைத் திரும்பச் சேர்த்துவிடலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கிறான்.

ஆறு நொடி. சுரண்டல். ஐந்து. சுரண்டல்.

வெற்றிலை வாசனை இப்போது அவன் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. சூடாக.

"அண்ணா?" என்றாள் சந்திரலேகா.

சம்மதம் என்பதை அமுக்கினான்.

சத்தம் நின்றது. சக்கரம் ஒன்று உருண்டு கதவுப் பக்கம் போனது போல இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. அனிதாவின் உத்தரவு போனது. போனில் தூரத்தில் டொக் என்று ஒரு ஒலி, பிறகு சந்திரலேகா ஓடுகிற செருப்புச் சத்தம். பூட்டு திறந்துவிட்டது. அருள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டம்மாளை டிஸ்சார்ஜ் செய்யப் போனான்.

இந்த நோயாளி சிகிச்சையில் இருக்கிறார் என்றது திரை. வெளியேற்ற இயலாது.

மறுபடியும் அமுக்கினான். இயலாது.

மறுபடியும்.

நாற்பது நிமிடம் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. சந்திரலேகா சிரித்துக்கொண்டிருந்தாள், மூக்கெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு பை ஏற்றியாயிற்றாம், ரத்தம் நின்றுவிட்டதாம். டாக்டரே ஆச்சரியப்பட்டாராம், நாற்பது நிமிடத்தில் இப்படி எழுந்து உட்கார்ந்தவர்களை அவர் பார்த்ததில்லையாம். எழுந்ததும் எழாததுமாக யாரிடமோ வெற்றிலை கேட்டு வாங்கி மென்றுகொண்டிருக்கிறாளாம்.

"அனிதாக்காவுக்கு வெத்தல பழக்கம் உண்டாண்ணா? நீயே கேளு."

போன் திரும்பியது. ஜன்னல். மழை. ஏழு என்று எழுதிய தகரம். அனிதாவின் முகம், அனிதாவின் மூக்குத்தி, கழுத்தில் அனிதாவின் வேளாங்கண்ணி மாதா பதக்கம். மடியில் குழந்தை. அவள் காலை நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வெகு தூரம் நடந்து வந்தவள் உட்காருவது போல.

"உக்காந்துட்டேன் தம்பி," என்றாள்.

அனிதா அவனை ஒரு நாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவள் இளையவள்.

அவளுடைய வலது கை குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக. அருள் எண்ணினான். குழந்தையின் வயிற்றின் மேல் விரிந்திருந்த விரல்களை, கட்டைவிரலிலிருந்து. மறுபடியும் எண்ணினான்.

ஆறு.

நெட்வொர்க் பெட்டிக்குள் ஏதோ சுரண்டியது.

அவன் திரையைப் பார்க்க விரும்பவில்லை. பார்த்தான். வரிசையில் ஒரே ஒரு செய்தி முதலாவதாக நின்றது. ஆரோக்கிய அனிதா. வயது முப்பத்து நான்கு. கேட்கும் படுக்கை: சிதம்பரம், ஏழு. இணைப்பு மறுக்கப்பட்டது. ஆள் இருக்கிறார்.

குறிப்பு: அண்ணா, இங்க ஒரே தண்ணியா இருக்கு. நிக்கிறேன்.

முப்பது நொடி கழித்து அது மறுபடியும் வந்தது.

அடுத்தது இருபத்தொன்பதாவது நொடியில்.